யார் யாரைப் பார்த்து நடப்பது?

கடைக்கு வந்த பையனுக்குத் தராசு பிடிக்கவும் பொட்டலம் மடிக்கவும் யாரும் பாடம் நடத்துவதில்லை. மூத்தவர் கையைப் பார்த்தே பழகிக்கொள்கிறான். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு இவ்வழி எளிதில் திறப்பதில்லை. கேட்ட சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லும் குழந்தையும், நாம் கையசைத்தால் பதிலுக்கு அசைக்காதிருக்கலாம். 1943-ல் டாக்டர் லியோ கானர் இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அன்று முதல் 'குழந்தையிடம் என்ன குறை?' என்றே உலகம் பெரிதும் கேட்டு வந்தது.

அமெரிக்க அறிஞர் புரூக் இங்கர்சால் வகுத்த பயிற்சியோ பெரியவரிடமிருந்து தொடங்குகிறது. குழந்தை பொம்மை வண்டியை உருட்டினால் அவரும் உருட்டுகிறார். அது எழுப்பும் ஒலியைத் தாமும் எழுப்புகிறார். குழந்தையின் கவனம் அவர்பால் திரும்புகிறது. பிறகே புதுச் செயலொன்றைச் செய்துகாட்டுகிறார். அது செய்யாவிடில் மெல்லக் கைபிடித்து உதவுகிறார், செய்ததும் பாராட்டுகிறார்.

குழந்தையை நம் நகலாக்குவதா இதன் நோக்கம்? அன்று. பார்த்துச் செய்வதும் ஒரு கொடுக்கல் வாங்கலே. ஒன்றும் கொடாமல் வாங்க மட்டும் நினைப்பது வியாபாரத்திலேயே நியாயமன்று; பிள்ளையிடம் எப்படி நியாயமாகும்? வலியவரே முதலில் இறங்கி வரவேண்டும். இந்தக் கணக்கில் முதல் போடவேண்டியவர்கள் நாமே.