பசாசும் நம்பாத குருவும்



"எக்ஸோசிஸ்ட்" என்ற ஆங்கிலப் படத்தைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று பெற்றோர் சிலர் இன்றும் கேட்கின்றனர். 1973இல் வெளிவந்த படம், இப்போது கைத்தொலைபேசியிலேயே ஓடுகிறது. சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். வளர்ந்தவர்கள் பார்ப்பதானால், அதில் வரும் கராஸ் என்ற குருவானவரைக் கவனியுங்கள்.

அவர் சேசுசபைக் குரு, மனநோய் வைத்தியருங்கூட. தாயை இழந்து, விசுவாசமும் தளர்ந்திருப்பவர். தன் மகளுக்குப் பசாசு பிடித்திருக்கிறது என்று ஒரு தாய் அழுதுகொண்டு வரும்போது அவர் நம்பவில்லை. குழாய்த் தண்ணீரைத் தீர்த்தம் என்று சொல்லித் தெளித்துச் சோதிக்கிறார். இந்த ஐயம் பாவமா? மாற்கு 9ஆம் அதிகாரத்தில், நுரை தள்ளி விழும் மகனுக்காக வந்த தகப்பன், விசுவசிக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில் தன் அவிசுவாசத்துக்கும் உதவி கேட்டான். யேசு அவனைத் துரத்தவில்லை.

திருச்சபையும் இதில் அவசரப்படுவதில்லை. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலே எளிதில் நம்பிவிட வேண்டாம் என்று குருக்களை எச்சரித்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் பிரிவின்படி, ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கைச் செய்யலாகாது.

அனுமதி இருந்தும் விபரீதம் நடந்ததுண்டு. ஜெர்மனியில் அன்னலீஸ் மிசேல் என்ற மாணவி வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்தவள். அவளுக்கு 67 தடவை இச்சடங்கு நடந்தது. வைத்தியமும் நின்றது, உணவும் நின்றது. 1976 யூலை 1ஆம் திகதி, 23 வயதில், பட்டினியால் இறந்தாள். 1978இல் பெற்றோரும் இரு குருக்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அவள்மேல் அன்பில்லாதவர்களா அவர்கள்?

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு குமர்ப்பிள்ளை இரவில் உறங்காமல் தனியே பேசத் தொடங்கினால், நாம் அங்கொடை என்ற பெயருக்கே அஞ்சுகிறோம். அயலார் என்ன சொல்வார்கள், கலியாணம் குழம்புமே என்று, மந்திரவாதியிடமும் ஊரறியாத செபக்காரரிடமும் அலைகிறோம். மாதங்கள் போய்விடுகின்றன. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துங்கள். புதன்கிழமை பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். அந்தோனியார் கோபிக்கமாட்டார்.

பசாசு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாம் அதைக் கண்டவர்கள். 1983 யூலையில் வெள்ளவத்தையில் வாக்காளர் பட்டியலோடு வீடு தேடி வந்தவர்களுக்குத் தலை சுழலவில்லை, குரல் மாறவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைக் கோவிலுக்குள் குண்டோடு நுழைந்தவனும் மனித முகத்தோடுதான் வந்தான். அந்த யூலையில் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த சிங்கள அயலவர் எந்தச் சடங்கும் அறியாதவர்கள்.

படத்தின் முடிவில் கராஸ், சிறுமியை விட்டு என்னிடம் வா என்று தீமையைத் தன்மேல் இழுத்துக்கொண்டு யன்னலால் பாய்கிறார். படிக்கட்டின் அடியில் பேச்சற்றுக் கிடக்கும் அவரது கையை இன்னொரு குரு பற்றிப் பாவமன்னிப்பு வழங்குகிறார். அப்பாத்திரத்தில் நடித்த வில்லியம் ஓமலி உண்மையிலேயே சேசுசபைக் குருவானவர். கராசின் விரல்கள் அசைகின்றன. கண்ணைப் பொத்திக்கொண்ட பிள்ளைகள் பார்க்கத் தவறுவது இந்தக் காட்சியைத்தான். இரவில் பயந்து உங்களிடம் வந்தால், இதைச் சொல்லிப் படுக்க வையுங்கள்.