கொடுத்த காசு யாரைச் சேர்ந்தது?

கால்கள் விளங்காத ஒருவன் சக்கரப் பலகையில் நகர்ந்து வந்து கையேந்துகிறான். நாம் ஒரு நாணயம் இடுகிறோம், மனம் குளிர்கிறது. அந்நாணயம் எவர் மடிக்குப் போகிறதென்று நாம் கேட்பதில்லை. கேளாமல் ஈவது தானமாகுமா என்பதே நம் ஆராய்ச்சி.

பம்பாய் ஆலையொன்றில் நூற்பு வேலை பார்த்த நாட்களில், இரவு ஷிப்டு முடிந்து தாதர் நிலையப் படியிறங்கும்போது ஒரு சிறுவனைக் காண்போம். பேச்சு வாராதவன்; ஒரு கை சூம்பியவன். தவறாது காசிட்டு வந்தோம். ஒரு நாள் தேநீருக்காக நின்றவிடத்தில், வேறொருவன் வந்து அவன் தகரக் குவளையைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்து, குறைகிறதென்று பிடரியில் அறைந்ததைக் கண்டோம். ஆறு மாதம் நாம் இட்டதெல்லாம் அறைந்த அந்தக் கைக்கே போயிருந்தது. மறுவாரம் அவ்விடத்தில் வேறொரு சிறுவன் இருந்தான். நாமோ வாயைத் திறக்கவில்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் தேசத்தில் உடல், மனக் குறையுடையோர் 2 கோடியே 68 லட்சம் பேர். இவர்களைத் தேடி ஆள் வியாபாரி வருவதேன்? செயற்கைக் கால் வாங்கித் தருகிறேன், உதவித் தொகை எழுதித் தருகிறேன் என்றால் வறிய தாய் நம்பிவிடுகிறாள். ஊமையின் சைகை காவல் நிலையத்தில் எவருக்கும் புரிவதில்லை. புத்தி வளராத பெண்ணின் சொல்லை எவரும் சாட்சியாக மதிப்பதில்லை. நடக்கவியலாதவன் தன்னைத் தூக்கி வருபவனை விட்டு ஓடுவதெங்ஙனம்? இவ்வளவுக்கும் மேலாக ஒன்றுண்டு. ஊனம் கொடிதாகத் தோன்றத் தோன்ற வசூல் பெருகுகிறது. அதாவது, அவன் உடலுக்கு விலை குறிப்பது நமது இரக்கமே. சொல்லக் கசக்கிறது, ஆயினும் உண்மை.

உபாசகர் செய்யலாகாதெனப் பகவன் விலக்கிய ஐந்து வாணிபங்களில் மனிதரை விற்பதும் ஒன்று. விற்பவனைத் தூற்றுவது எளிது. வாங்குவோன் இன்றி வாணிபம் ஏது?

அப்படியாயின் ஈயாதிருப்பதே நெறியோ? அன்று. குவளை குறைந்தால் அடிபடுவது அச்சிறுவனே. அன்றியும், கையேந்துவோர் யாவரும் கூட்டத்தார் வசமுள்ளவர் எனல் பொய். வேறு வழியின்றித் தாமே இரப்போர் பலர். "எல்லாம் கும்பல்" என்று கூறிக் கடந்து செல்வோர் பலருக்கு அது தம் கருமித்தனத்துக்கு ஒரு போர்வை.

சட்டமும் நெடுநாள் இரு மனத்தோடிருந்தது. சிறுவரைப் பிச்சைக்காகக் கடத்துவதும் முடமாக்குவதும் தனிக் குற்றமென 1959இல் விதித்தனர். அதே ஆண்டின் பம்பாய்ப் பிச்சைத் தடைச் சட்டமோ, புண்ணையும் ஊனத்தையும் காட்டி இரப்பவனையே பிடித்தடைக்க வழி செய்தது. தில்லியில் அதன் தண்டனைப் பிரிவுகளை 2018இல் உயர் நீதிமன்றம் தள்ளிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் சிறுவரை இவ்விதம் கடத்துவோருக்குக் குறைந்தது 10 ஆண்டும், முடமாக்குவோருக்குக் குறைந்தது 20 ஆண்டும் சிறை. ஆள் கடத்தலில் பாதிக்கப்பட்டவர் இசைந்தார் என்ற வாதமும் செல்லாது.

ஆகவே உணவைக் கொடுத்து, அவர் உண்ணுமட்டும் அருகில் நிற்போம். பெயரைக் கேட்போம், ஊரைக் கேட்போம். வசூலிக்க வருபவன் எவனென்று பார்ப்போம். சிறுவராயின் 1098 எண்ணுக்குச் சொல்லலாம். ஊனமுற்றோர் எவராயினும், அவர் வதைக்கப்படுவதாக ஐயம் கொள்ளும் யாரும் நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம் தெரிவிக்க 2016ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. நம்மவருள் எழுதத் தெரியாதோர் விகாரைக்கு வந்தால், மனுவை நாமே எழுதித் தருகிறோம்.