சொன்னால் கடமை தீருமா?

மருத்துவமனையில் இருக்கும்வரை நோயாளிக்கு ஊசி போடுகிறவர் செவிலியர். வீடு திரும்பிய நாள்முதல் அதே ஊசியைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டியவர் நோயாளி. ஊசி கை மாறுகிறது, பொறுப்பும் மாறிவிடுகிறதா? இதுவே நம்முன் உள்ள வினா.

கோவையைச் சேர்ந்த சிங்காநல்லூரை எடுத்துக்கொள்வோம். நூற்பாலைகளால் வளர்ந்த வட்டாரம் அது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் தமிழகத்தில் 1955 ஜனவரியில் கோவையில்தான் தொடங்கிற்று. அத்திட்டத்தின் பெரிய மருத்துவமனை சிங்காநல்லூர்ப் பகுதியில் இருக்கிறது. ஆலைத் தொழிலாளி ஒருவருக்குச் சர்க்கரை நோய் கண்டு, இன்சுலின் எழுதித் தரப்படுகிறது என்று கொள்வோம். ஒரு வாரம் பகல் ஷிப்டு. மறு வாரம் இரவு ஷிப்டு. 'காலை உணவுக்கு முன் போட்டுக்கொள்ளுங்கள்' என்றால், விடிந்தபின் உறங்கப் போகிறவருக்குக் காலை எது?

ஆபத்து இன்னும் நுண்ணியது. நம் நாட்டில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு வலிமைகளில் கிடைக்கிறது. சிரிஞ்சும் அதற்கேற்ப இரு வகை. 40-க்குரிய சிரிஞ்சில் 100 வலிமையுள்ள மருந்தை 20 என்னும் கோடுவரை இழுத்தால், உடலிற் சேர்வது 20 யூனிட் அன்று, 50 யூனிட். சர்க்கரை சடுதியில் தாழ்ந்து மயக்கம் வரலாம். உயிருக்கே தீங்கு நேரலாம்.

'நாங்கள் சொல்லித்தான் அனுப்பினோம்; அவர்தாம் கேட்கவில்லை' என்பது எளிதிற் கிடைக்கும் விடை. ஆனால் சொன்னது வேறு, சேர்ந்தது வேறு. சேர்ந்ததா என அறிய வழி உண்டு. நோயாளியையே செய்து காட்டச் சொல்வதும், அவர் வாயாலேயே திரும்பக் கேட்பதுமே அவ்வழி. அதுவரை கற்பித்தல் நிறைவுறவில்லை என்றே நாம் கருதுகிறோம். மேற்சொன்ன வேறுபாட்டைத் தாமே அறியாமல் கற்பிக்க முற்படுவதும் குற்றமே. பிறர் உயிர் சார்ந்த தொழிலில் தேர்ச்சியும் ஒழுக்கத்தின் பாற்பட்டதன்றோ!

எனினும், பாரம் முழுவதையும் செவிலியர் தலையில் ஏற்றுவது நீதியாகாது. அளவுக்கு மீறிய நோயாளிகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, 'ஏன் கற்பிக்கவில்லை?' என்று வினவ நிருவாகத்திற்கு உரிமையில்லை. கற்பிக்கும் நேரமும் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஊழியரை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. மருந்தைக் கொடுப்பதோடு, கற்றது நிலைத்ததா என்று பார்க்கவும் அது நல்ல வாய்ப்பு.

நோயாளிக்கும் கடமை உண்டு. கற்றதைக் கடைப்பிடிப்பது அது. ஆனால், தெளிவாகக் கற்பிக்கப்பட்டவரிடமே அக்கடமையை நாம் கேட்க முடியும். ஆகவே, ஊசியோடு பொறுப்பு முழுவதும் கை மாறுவதில்லை, இருவருக்கும் உரியதாகிறது. செவிலியரிடம் உள்ள அறிவு ஓர் அமானிதம். உரியவர் கையில் அது பத்திரமாகச் சேர்ந்தால்தான் ஒப்படைத்ததாகும்.