ஒரே நாளில் ஓர் இசைத்தட்டு

1963 பிப்ரவரி 11 அன்று, லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், ஜார்ஜ் மார்ட்டினின் மேற்பார்வையில், லிவர்பூல் சிநேகிதர்களான பீட்டில்ஸ் நால்வரும் தங்கள் முதல் நெடுந்தட்டுக்காக 10 பாடல்களைக் காலை தொடங்கி இரவுக்குள் பாடி முடித்தார்கள். இரண்டே தடங்கள் கொண்ட நாடாவில், குரலும் வாத்தியமும் பெரும்பாலும் ஏககாலத்தில் பதிவாகிவந்த அந்நாளில், ஒருவர் பிசகினால் நால்வரும் மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஆயினும், ஹாம்பர்க் நகரத்துக் கேளிக்கை விடுதிகளில் இரவெல்லாம் வாசித்துப் பழகிய அவர்களுக்கு அது பெரிய சிரமமாகத் தோன்றியிராது என்றே எண்ணுகிறேன். ஜலதோஷத்தோடு பாடிவந்த ஜான் லெனனின் தொண்டையைக் கருதிக் கடைசிக்கென ஒதுக்கிய ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ பாடலை, அவர் எஞ்சிய சக்தியனைத்தையும் திரட்டிக் கதறிப் பாடினார். இரண்டாம் முறைக்குக் குரல் ஒத்துழைக்காமற்போகவே, முதற்பதிவே தட்டில் ஏறிற்று.