சுவரும் மதகும்

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ஷூ கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறாராம். 'வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துத் தரும் பெண்களுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கணக்கைப் போட ஏ.ஐ.யிடம் ஒரு ப்ரோக்ராம் கேட்டேன். அரை நிமிஷத்தில் இருநூறு வரி எழுதிக் கொடுத்துவிட்டது. எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. பயப்படாதே, சாண்ட்பாக்ஸில் ஓட்டு என்கிறார்கள். நான் எழுதாத, படிக்காத ஒன்று தப்புச் செய்தால் குற்றம் யாருடையது ஸார்?'

சுலபமான கேள்வி இல்லை. முதலில் சாண்ட்பாக்ஸ். பூங்காவில் குழந்தைகள் மணல்வீடு கட்டி இடித்து விளையாடும் தொட்டிக்கு அந்தப் பெயர். கம்ப்யூட்டர்காரர்கள் அதைக் கடன் வாங்கி, நம்பிக்கையில்லாத ப்ரோக்ராமை ஓட்டிப் பார்க்கும் தனியறைக்கு வைத்துவிட்டார்கள். எங்கோ ஒரு டேட்டா சென்டரில் உங்களுக்கென்று ஒரு குட்டிப் பொய்க் கம்ப்யூட்டர் முளைக்கிறது. அமேசான் 2018-ல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் (சிவகாசிக்குச் சம்பந்தமில்லை) இப்படி ஒன்றை 125 மில்லி செகண்டில் எழுப்பிவிடும். உள்ளே போகும் ப்ரோக்ராமுக்கு அதுதான் உலகம். உங்கள் ஃபைல்கள் கண்ணில் படாது. இன்டர்நெட்டை அடைத்துவிடலாம். இவ்வளவு மெமரி, இவ்வளவு நேரம் என்று ரேஷன் வைக்கலாம். வேலை முடிந்ததும் அறையோடு அழித்துவிடலாம்.

இது அனாவசிய பயமில்லை. 2025 ஜூலையில் ரெப்ளிட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஏ.ஐ. உதவியாளர், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஒரு வாடிக்கையாளரின் நிஜமான டேட்டாபேஸை அழித்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள். மீட்க முடியாது என்று வேறு சொன்னது. அதுவும் பொய், மீட்க முடிந்தது. அதற்கப்புறம்தான் சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாட்டைக் கம்பெனி கொண்டுவந்தது.

சுவர் எழுப்புவதும் லேசில்லை. பட்லர் லாம்ப்ஸன் என்ற விஞ்ஞானி 1973-லேயே இதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். எல்லா வழியையும் அடைத்தாலும், உள்ளே இருக்கும் ப்ரோக்ராம் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் மும்முரமாக்கி, கொஞ்ச நேரம் சும்மா விட்டு, அந்தத் தாளத்திலேயே வெளியில் இருப்பவனுக்கு ரகசியம் சொல்லிவிடலாம் என்றார். ஜெயிலில் சுவரைத் தட்டிப் பேசிக்கொள்கிற மாதிரி.

குற்றம் யாருடையது என்பதற்கு வருவோம். அதற்கு வாசகரின் ஊர்ப்பக்கத்திலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றில் கலந்ததை எதிர்த்து 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்' 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தையே திருப்பிப் போட்டது. தீங்கு நேர்ந்தது என்று ஊர்க்காரன் நிரூபிக்க வேண்டியதில்லை. தீங்கு நேராது என்று ஆலைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். கெடுத்தவரே பணம் கட்ட வேண்டும். அந்த ஆலைகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விழுந்தது.

இதை ஏ.ஐ.க்கு அப்படியே பொருத்தலாம் என்பது என் கட்சி. ப்ரோக்ராமை எழுதியது மெஷினாக இருக்கலாம். அதை ஓட்டி, அதனால் பலனடைகிறவர் நீங்கள். நிரூபிக்கிற பாரமும் உங்களுடையதுதான்.

சுவர் கட்டினால் நிரூபித்த மாதிரி ஆகாதா? ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. கழிவுச் சேற்றைத் தேக்கி வைக்கத் தொட்டியும், தொட்டிக்குச் சுவரும் இருந்தன. 2015 ஜனவரி 31 விடிவதற்குள் அந்தச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவர் இருக்கிறது என்ற தைரியத்தில், அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

சாண்ட்பாக்ஸ் இடியாது என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அதைவிட மதகு பற்றித்தான் கவலை. எந்தப் பெட்டியிலிருந்தும் ஒன்றை மட்டும் நாமே விரும்பி வெளியே எடுக்கிறோம்: விடை. ஆம்பூர் வாசகரின் ப்ரோக்ராம் எந்த ஃபைலையும் திருடாது, எதையும் அழிக்காது. சாதுவாக ஓடி முடிக்கும். ஆனால் அரை ஜோடிகளை எல்லாம் பூஜ்யம் என்று தள்ளிவிட்டிருந்தால்? பெட்டியைப் பொறுத்தவரை எல்லாம் பத்திரம். வாரக்கடைசியில் ஒரு பெண்மணி நாற்பது ரூபாய் குறைகிறதே என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். 'கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா' என்று பதில் வரும். கம்பெனியின் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த பாதுகாப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

எனவே ஆம்பூர் அன்பருக்கு: பெட்டியில் தாராளமாக ஓட்டுங்கள். இன்டர்நெட்டை அடையுங்கள். கூலிப் பட்டியலின் நகலை மட்டும், பெயர்களை எடுத்துவிட்டுக் கொடுங்கள். விடை வந்ததும் பத்துப் பேரின் கூலியைப் பேப்பரில் போட்டு ஒத்துப் பாருங்கள். அரை ஜோடி, விடுப்பு, முன்பணம் என்று இடக்கான கணக்குகளாகப் பார்த்து எடுங்கள். அடுத்த மாதமும் செய்யுங்கள். ப்ரோக்ராம் புரியாவிட்டால் பரவாயில்லை, கூலி உங்களுக்குப் புரியும்.

ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய்தான் சரியான ஜோடியா என்று கேட்ட இன்னொரு வாசகருக்கு அடுத்த வாரம்.