வந்தியின் பங்கு: தெருவோர உழைப்பும் அறத்தின் கேள்வியும்

தெருவோரத்தில் கடை விரித்துப் பிழைப்பவருக்கு அந்த இடம் பிறருடைய இரக்கத்தால் கிடைப்பதா, அறப்படி அவருக்கு உரியதா என்ற கேள்வி பெரும்பாலும் போக்குவரத்து, ஆக்கிரமிப்பு, நகராட்சி வருவாய் என்ற அளவிலேயே பேசப்பட்டு முடிந்துவிடுகிறது. அதன் அடியில் உழைப்புக்கும் உடைமைக்கும் உள்ள உறவு என்ன, வறியவருக்குச் சமூகம் ஆற்ற வேண்டியது ஈகையா நீதியா என்னும் பழைய மெய்யியல் சிக்கல் கிடக்கிறது. நிலையான முதலாளி, எழுத்து வடிவில் பணி ஒப்பந்தம், மாதச் சம்பளம், வைப்புநிதி ஆகிய எதுவும் இல்லாமல் அன்றாட உழைப்பில் வாழ்வோரை அமைப்புசாராத் தொழிலாளர் என்று சட்டம் குறிக்கிறது. இந்தியாவில் உழைப்போரில் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினரே என்பதால், இந்தச் சிக்கலை ஓரத்துப் பிரச்சினையாக ஒதுக்கிவிட இயலாது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இக்கேள்வியை ஆராயப் பொருத்தமான நிலப்பகுதி. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலம், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் சிமெண்ட் ஆலைகளையும் சார்ந்த ஒப்பந்தக் கூலி, ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் பெண்கள் செய்யும் வேலை ஆகியவற்றுக்கு இடையே, விளைச்சல் பொய்த்தாலோ கூலி வேலை நின்றாலோ தள்ளுவண்டியும் தரைக்கடையும் தலைச்சுமை வியாபாரமுமே பல குடும்பங்களுக்குக் கைகொடுக்கின்றன. இங்கே வழிபாடும் தெருவோர விற்பனையும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதையும் காணலாம். பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில், சிறப்பு நாள்கள் நீங்கலாக, திங்கள், வெள்ளி ஆகிய இரு கிழமைகளில் மட்டுமே நடை திறக்கப்படுவதால், அதன் வாசலில் பூவும் எலுமிச்சையும் மாவிளக்குக்கு வேண்டிய பொருள்களும் விற்பவர் அவ்விரு நாள் வருவாயைக் கொண்டே வாரத்தை ஓட்ட வேண்டியிருக்கிறது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கல்தூண் வடிவில் வழிபடப்படுகிறார். உழவர்கள் தம் விளைச்சலில் ஒரு பங்கை அவருக்குக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். உழைப்பின் பயனை இறைவன் முன் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது என்றால், அந்த உழைப்பைச் செய்தவருடைய நிலை என்ன என்று கேட்பதும் அவ்வழிபாட்டுக்குள் அடங்கியதே ஆகும்.

இக்கேள்விக்குச் சைவ மரபு தரும் மிக ஆழமான விடை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், மண் சுமந்த படலத்தில் இருக்கிறது. வைகையில் வெள்ளம் பெருகி, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தத்தம் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டபோது, பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்கும் ஒரு பங்கு அளந்து விடப்படுகிறது. இன்றைய வழக்கில் சொன்னால் அவள் ஒரு தெருவோர வியாபாரி. கணவனோ பிள்ளையோ இல்லாதவள், கூலிக்கு ஆள் பிடிக்கவும் வசதியற்றவள், ஆயினும் வரிச்சுமையில் எவருக்கும் குறையாத பங்குக்கு உரியவளாகக் கணக்கெடுக்கப்பட்டவள். கூலியாளாக வந்த சிவபெருமான் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு, உண்பதும் ஆடுவதும் உறங்குவதுமாகப் பொழுதைக் கழிக்க, வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. அதைக் கண்ட அரசன் பிரம்பால் அவரை அடித்தபோது அந்த அடி அரசன்மீதும் அமைச்சர்மீதும் எல்லா உயிர்கள்மீதும் விழுந்தது என்பதே படலத்தின் உச்சம். அதே நூலில் இறைவன் வளையல் விற்பவராகவும் விறகு விற்பவராகவும் வருகிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தெருவில் விற்பதும் சுமப்பதும் இழிதொழில் என்ற எண்ணத்தைப் புராணம் வேரோடு மறுப்பது தெளிவாகும்.

இப்படலம் பெரும்பாலும் இறைவனின் எளிமைக்குச் சான்றாகவே எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் அதன் அறக்கருத்து அதற்கும் அப்பால் செல்கிறது. உழைப்பவர்மீது விழும் அடி எல்லோர்மீதும் விழுகிறது என்பது, ஒருவருடைய வாழ்வாதாரத்துக்கு இழைக்கப்படும் தீங்கு அவரோடு நிற்பதில்லை, சமூகம் முழுவதையும் குற்றத்துக்கு உள்ளாக்குகிறது என்ற கூற்றாகும். அதே நேரத்தில் படலத்தின் முடிவு ஒரு கேள்வியை மிச்சம் வைக்கிறது. வந்தி சிவலோகம் அடைகிறாள். மதுரைத் தெருவில் அவளைப் போலவே பிட்டு விற்றுக்கொண்டிருந்த பிறருடைய நிலை என்னவாயிற்று என்று புராணம் சொல்லவில்லை. தனித்து நின்ற ஒருத்திக்கு இறைவனே கூலியாளாக வர வேண்டியிருந்தது என்றால், எவரும் அப்படித் தனித்து நிற்க நேராதபடி பார்த்துக்கொள்வது மனிதரின் கடமையாக எஞ்சுகிறது.

இவ்விடத்தில் இரண்டு மறுப்புகள் எழலாம். வறுமை முன்வினைப் பயன் என்பதால் அதைப் பொறுத்துக்கொள்வதே முறை என்பது முதலாவது. வினைக்கொள்கை என்பது உயிர் தான் செய்த செயலின் பயனைத் தானே நுகரும் என்னும் கோட்பாடு. அது துன்புறுபவருக்குத் தம் துன்பத்தைத் தாங்கும் வலிமையைத் தரலாம். பிறரைத் துன்புறுத்துபவருக்கு நியாயம் கற்பிக்க அதற்கு இடமில்லை, ஏனெனில் துன்புறுத்துவதும் பயன் தரும் வினையே. எளியோருக்கு இரங்கி அன்னதானமும் உதவியும் செய்தால் போதும், உரிமை என்ற பேச்சு தேவையில்லை என்பது இரண்டாவது. திருக்குறள் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தபின்னும் அங்கே நின்றுவிடாமல் இரவச்சம் என்று மற்றோர் அதிகாரத்தையும் வகுத்து, பிறரிடம் கையேந்தி வாழ நேர்வதன் இழிவைக் கடிகிறது. முயன்று பெற்றது எளிய உணவாயினும் அதுவே உயர்ந்தது என்பது அதன் கருத்து. உழைத்து உண்ண முற்படுபவரின் இடத்தைப் பறித்துவிட்டு அவருக்கே சோறு வழங்குவது, அவரை உழைப்பிலிருந்து இரப்புக்குத் தள்ளுவதாகும். அத்தகைய ஈகை அறத்தின் கணக்கில் சேராது.

அமைப்புசாராத் தொழிலாளர் உரிமை பற்றிய பேச்சில் அடிக்கடி எழும் தடை, முதலாளியே இல்லாதவர் யாரிடம் உரிமை கேட்பது என்பதாகும். இதற்குக் கத்தோலிக்கச் சமூகப் போதனை ஒரு பயனுள்ள கருத்தை அளிக்கிறது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட சுற்றுமடல் நியாயக் கூலியையும் தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையையும் வலியுறுத்தியது. 1981-இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மற்றொரு சுற்றுமடல் மறைமுக முதலாளி என்ற கருத்தை விளக்கியது. நேரடியாகக் கூலி கொடுக்காவிட்டாலும், ஒருவர் எந்நிலைமையில் உழைக்கிறார் என்பதைத் தீர்மானிக்கும் அரசும் நிறுவனங்களும் விதிகளும் மறைமுக முதலாளிகளே என்பது அதன் பொருள். வீரமாமுனிவரின் பெயரோடு பிணைந்த ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அடைக்கலம் தேடி அங்கே வருவோரில் கூலி உழைப்பாளரும் உள்ளனர் என்பதால், இப்போதனை இம்மண்ணுக்கு அயலானதன்று. இதன்படி பார்த்தால், சுங்கம் வசூலிக்கும் குத்தகைதாரர், இடம் ஒதுக்கும் நகராட்சி, காலையில் கொடுத்த கடனை மாலையில் வட்டியோடு வாங்கும் தண்டல்காரர், பேரம் பேசி வாங்கும் நுகர்வோர் ஆகிய அனைவரும் தெருவோர வியாபாரியின் முதலாளிகளே ஆகின்றனர்.

தெரு யாருடையது என்ற கேள்விக்கும் சமய மரபில் விடை உண்டு. தொடக்ககால இஸ்லாமியச் சந்தை நெறி சந்தையைத் தொழுமிடத்தோடு ஒப்பிட்டு, முதலில் வந்து அமர்ந்தவருக்கு அன்றைய பொழுது அவ்விடம் உரியது என்று வகுத்தது; இடத்தை நிலையான தனியுடைமையாக்காமல், உழைக்கும் நேரம் வரை அதன்மீது உரிமையை ஏற்பது அதன் நுட்பம். முஸ்லிம்கள் வாழும் லெப்பைக்குடிகாடு போன்ற ஊர்களைக் கொண்ட பெரம்பலூர் மாவட்டத்தில் இந்நெறியும் உள்ளூர் மரபே. இந்தியச் சட்டமும் ஏறத்தாழ இத்திசையிலேயே நகர்ந்திருக்கிறது. வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கிலும், தெருவில் விற்பது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று 1989-இல் சோதன் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாகவும் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. நடந்து செல்வோருக்கும் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் தெருவில் உரிமை உண்டு என்பது மெய்யே. அவ்வுரிமைகளை எதிரெதிரே நிறுத்தாமல், பாதிக்கப்படுவோர் அமர்ந்திருக்கும் அவையில் நடுநிலையோடு பகிர்ந்தளிக்கவே இக்குழு வகுக்கப்பட்டது.

எனினும் சட்டம் தானாக நடப்பதில்லை. குழுவில் இடம் பெற்றவர் தமக்காக மட்டும் பேசாமல் தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களுக்காகப் பேச வேண்டுமானால், அவர்களுக்குள் முன்பே ஒரு சங்கம் இருந்தாக வேண்டும். 1918-இல் சென்னையில் உருவாகி, இந்திய முறைசார் தொழிற்சங்கங்களின் முன்னோடியாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர் கூடிய வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பக்திச் சபையிலிருந்து வளர்ந்தது. சைவ அறிஞர் திரு.வி.க. அதன் வளர்ச்சிக்கு உழைத்தார். 1972-இல் அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய சுயதொழில் பெண்கள் சங்கத்தைப் பதிவுசெய்ய அதிகாரிகள் முதலில் தயங்கினர். முதலாளியே இல்லாதபோது எவரை எதிர்த்துச் சங்கம் என்பது அவர்களது வினா. சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்கு முன் உழைப்போர் ஒன்றுபடுவதற்கானது என்ற வாதமே கடைசியில் வென்றது. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓர் உண்மையை நிறுவுகின்றன: சேர்ந்து தொழுவோர் சேர்ந்து கேட்கவும் கற்றுக்கொள்ள முடியும், கேட்கத் தொடங்கியவர் இரப்பவர் என்ற நிலையிலிருந்து உரியவர் என்ற நிலைக்கு உயர்கிறார்.

ஆகவே பெரம்பலூரிலும் அரியலூரிலும் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றைச் சார்ந்தோர் செய்யக்கூடியவை தெளிவாக உள்ளன. திருவிழாக் காலத்தில் வாசற்கடைகளுக்கு இடம் ஒதுக்கும்போது, ஏலத்தில் பெருந்தொகை கேட்பவருக்கு முன்னுரிமை தராமல், ஆண்டாண்டாக அங்கே விற்றுவரும் தரைக்கடைக்காரருக்கு இடம் உறுதிசெய்யலாம். நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் பெண்களுக்குக் கிடைக்கச் செய்யலாம். தொழிலாளர் நல வாரியப் பதிவுக்கும் நகர விற்பனைக் குழுத் தேர்தலுக்கும் தம் மண்டபங்களைத் திறந்துவிடலாம். வந்திக்கு அளந்து விடப்பட்ட பங்கு சுமையில் மட்டுமே இருந்தது. கரையைக் காக்கும் கடமையில் பங்கு உள்ளவருக்குக் கரைமேல் அமர்ந்து விற்கும் உரிமையிலும் பங்கு உண்டு என்பதை ஏற்பதே அப்படலத்தை நம்புவோர் செய்யத்தக்க அறம்.