சொல்லாத விண்ணப்பம்



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விண்ணப்பப் பெட்டியைத் திறந்து, சீட்டுகளை வாசித்து, ஜெபக்குழுவினருக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை பல வருஷமாய் என்னிடம் இருக்கிறது. மஞ்சள் காமாலை என்றால் மஞ்சள் காமாலை என்றே எழுதுகிறார்கள். சர்க்கரை, கிட்னியில் கல், கர்ப்பப்பை ஆபரேஷன், எஸ்டேட்டில் வேலை போனது, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எல்லாம் பெயரோடு, தெருவோடு வரும். ஆனால் இடையிடையே இன்னொரு விதமான சீட்டும் வரும். "என் மகனுக்காக. சொல்ல முடியாத பாரம்." அவ்வளவுதான். பெயர் இருக்காது. சில சமயம் எழுதிவிட்டுப் பேனாவால் அடித்திருப்பார்கள்.

அந்தப் பாரம் என்னவென்று அநேகமாய் நமக்குத் தெரியும். பத்தாவது படிக்கிற பையன் ரூமை விட்டு வெளியே வருவதில்லை. பன்னிரண்டாவது படிக்கிற பெண் இரண்டு மாசமாய் சரியாய்ச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, முழுக்கைச் சட்டையை மட்டும் கழற்ற மாட்டேன் என்கிறாள். காதில் யாரோ பேசுகிறார்கள் என்கிறான் ஒருவன். தாய் இரவெல்லாம் கதவண்டை உட்கார்ந்திருக்கிறாள். காலையில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், "ஒண்ணும் இல்லக்கா, பரீட்சை டென்ஷன்" என்கிறாள்.

இந்த மறைப்பைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். யாரைக் காப்பாற்றுவதற்காக மறைக்கிறோம்? பிள்ளையையா, நம் மானத்தையா?

பிள்ளைக்காகத்தான் என்று எல்லாரும் சொல்வோம். "நாளைக்கு யார் கட்டிப்பாங்க?" என்ற கேள்வி 14 வயசுப் பெண்ணைப் பற்றியே நம் வீடுகளில் வந்துவிடுகிறது. "டாக்டர்கிட்ட போனா ஃபைல்ல ஏறிடும், காலேஜ் சீட்டு, வேலை எல்லாம் போயிடும்" என்கிறார்கள். இது வெறும் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருத்தரைக் கேலி செய்ய வேண்டுமானால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சினிமாவில் சொல்லிச் சொல்லியே சிரித்த ஊர் இது. பேச்சு பரவும், சம்பந்தம் தட்டிப்போகும், உண்மைதான். ஆனாலும் கணக்குப் பாருங்கள். காய்ச்சல் வந்த பிள்ளையை 3 நாளில் டாக்டரிடம் காட்டுகிற நாம், மனம் உடைந்த பிள்ளையை 3 வருஷம் வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். அந்த 3 வருஷத்தின் விலையை யார் கொடுக்கிறது? படிப்பும் போய், சிநேகிதரும் போய், "நான் வீட்டுக்கு அவமானம்" என்ற எண்ணமும் சேர்ந்து வளருகிறது. நாம் காப்பாற்றுகிற மானத்துக்கு நம் பிள்ளை வட்டி கட்டுகிறது.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 7 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோய் இருப்பதாகக் கண்டது. நம் வாலிபர் கூட்டத்தில் 60 பேர் உட்கார்ந்து கைதட்டிப் பாடினால், அதிலே 4 பேர். கைதட்டுகிறவர்களிலும் இருக்கலாம்!

மாற்கு 9-ம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் நோயாளியான தன் மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறான். சீஷர்களால் முடியவில்லை, ஜனங்கள் சுற்றி நின்று தர்க்கம் பண்ணுகிறார்கள். அந்த நெருக்கத்தில் ஆண்டவர் என்ன செய்கிறார்? இது எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று தகப்பனைக் கேட்கிறார். அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். தகப்பனும் சிறு வயசிலிருந்து நடந்ததை, தீயில் விழுந்தது தண்ணீரில் விழுந்தது உட்பட, அத்தனை பேர் முன்பாகச் சொல்லுகிறான். அந்த மகனுக்கு இருந்தது அசுத்த ஆவி என்றே அங்கே எழுதியிருக்கிறது. அதிலேயுங்கூட விவரம் கேட்கப்பட்டது, விவரம் சொல்லப்பட்டது. இன்றைக்கு மனநல டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி அதுதான்: "எப்போ இருந்து இப்படி?" நம்மில் அநேகர் திணறிப்போவது அந்தக் கேள்வியில்தான். ஏனென்றால் அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

பிசாசின் கிரியை உண்டென்று விசுவாசிக்கிற சபை நாம், அதை நான் மாற்றிப் பேசவில்லை. ஆனால் மத்தேயு 4-ம் அதிகாரத்தின் முடிவை வாசித்துப் பாருங்கள். ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களில் பிசாசு பிடித்தவர்களைத் தனியாகவும், மற்ற நோயாளிகளைத் தனியாகவும் சொல்லியிருக்கிறது. வேதம் பிரித்து வைத்ததை நாம் ஏன் ஒன்றாய்க் கட்டுகிறோம்? தூக்கமில்லாமல் அழுகிற 15 வயசுப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து, தலையில் கையை வைத்து, "வெளியே போ" என்று அரை மணி நேரம் சத்தம் போட்டால், அந்தப் பிள்ளை என்ன எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்? தனக்குள்ளே பிசாசு இருக்கிறதென்ற பயத்தை. முன்பு துக்கம் மட்டும் இருந்தது.

ஜெபத்தின் பெயரால் மருந்தை நிறுத்தியதன் முடிவைத் தமிழ்நாடு ஒரு தரம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஓலைக் கொட்டகைக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. தர்காவில் சுகம் கிடைக்கும் என்று குடும்பத்தார் கொண்டுவந்து விட்டிருந்த மனநோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டுபோனார்கள். அது வேறு மார்க்கத்தாருடைய இடம் என்று விரல் நீட்ட வேண்டாம். நம் ஜெப வீடுகளிலும் பிள்ளைகளைக் கட்டி வைத்ததைக் கேள்விப்பட்டவர்கள் உண்டு. பிற்பாடு ஏர்வாடியிலேயே, தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் பிரார்த்தனையும் ஒரே இடத்தில் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாதென்று 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் திட்டமாய்ச் சொல்லுகிறது.

பெற்றோரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு இப்படி ஆனதும் வீட்டில் நடக்கிற முதல் காரியம் சண்டை. "உன் வளர்ப்பு." "உங்க குடும்பத்துல யாருக்கோ இருந்திருக்கு." பிறவிக் குருடனைப் பார்த்ததும், இவன் பாவமா இவன் பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டார்களே, அந்தக் கேள்வி இன்னும் நம் சமையலறையில் கேட்கிறது. இரண்டும் இல்லை என்று ஆண்டவர் பதில் சொன்னபிறகும்! படித்த டாக்டர்களே இதில் தவறியிருக்கிறார்கள். 1948-ல் ஒரு பெயர்பெற்ற மனநல மருத்துவர், மனச்சிதைவு நோய்க்குத் தாயின் குணமே காரணம் என்ற கருத்தை எழுதினார். எத்தனையோ தாய்மாரை அது அழ வைத்தது. பிற்பாடு மருத்துவ உலகமே அதைக் கைவிட்டது. ஆகையால் தாயே, தகப்பனே, குற்றவாளிக் கூண்டிலிருந்து முதலில் இறங்குங்கள். அங்கே நின்றுகொண்டு பிள்ளைக்குக் கைகொடுக்க முடியாது.

"ஆஸ்பத்திரியில சேர்த்தா புள்ளையைத் தனியாப் போட்டுடுவாங்களே" என்று நடுங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் 1957 முதல் நடக்கிறது. நோயாளியோடு குடும்பத்தார் கூடவே தங்கி, நோய் என்ன, எப்படிப் பேசுவது, மாத்திரை எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொண்டு போவது அங்கே ஆரம்பத்திலிருந்தே வழக்கம். இன்றைக்கு நாட்டின் சட்டமும் அதையே சொல்லுகிறது: 18 வயதுக்குட்பட்டவரைத் தவிர்க்க முடியாத நிலையில்தான் சேர்க்க வேண்டும், பெரியவர்களோடு அல்லாமல் தனியிடத்தில் வைக்க வேண்டும், பெற்றோரோ அவர்கள் நியமிக்கிறவரோ முழுநேரமும் கூட இருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சேர்க்க வேண்டிய தேவையே வராது. பேச்சு, கொஞ்சக் காலம் மருந்து, வீட்டில் சத்தம் குறைதல், இதிலேயே எழும்பி வருகிறவர்கள் ஏராளம்.

இனி சபையாராகிய நமக்கு. மறைக்காதேயுங்கள் என்று சொன்னதும், எல்லாவற்றையும் மைக்கில் சொல்லுங்கள் என்று அர்த்தமில்லை. வாலிபப் பிள்ளையின் நோய் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமானது. வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் பெயர், ஸ்கூல், என்ன நடந்தது எல்லாம் போட்டு, அது ஆவடி தாண்டிப் பூந்தமல்லி போய், பையன் வகுப்பிலேயே திரும்பி வந்தால், அதை ஜெப விண்ணப்பம் என்று எப்படிச் சொல்வது? சுத்தமான புறங்கூறுதல் அது. பெயர் போடாமல் ஜெபிக்கலாம், விலாசம் பரலோகத்துக்குத் தெரியும். "உனக்காக பாஸ்டர்கிட்ட மட்டும் சொல்லட்டுமா?" என்று பிள்ளையையே கேளுங்கள். அவன் வேண்டாமென்றால், யாரிடம் சொல்லலாம் என்று கேளுங்கள். ஆனால் சாக வேண்டும் என்று பேசுகிற பிள்ளையின் விஷயத்தில் மட்டும் இரகசியம் கிடையாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும், தனியாக விடக்கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிட மாட்டோம். கேட்டதும் அழுது மனதைத் திறக்கிற பிள்ளைகளே அதிகம்.

எங்கே போவது? இரவு 2 மணி ஆனாலும் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. பிள்ளையும் பேசலாம், தாயும் தனக்காகப் பேசலாம். 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. நேரில் போக வேண்டுமானால் நம் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ரயில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினால், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அங்கிருந்து அதிக தூரமில்லை. கேலிக்குப் பெயர்போன அதே கீழ்ப்பாக்கம்தான். 1794-ல் தொடங்கி, 1871 முதல் இப்போதைய இடத்தில் இருக்கிற அரசு மருத்துவமனை, காசு கேட்க மாட்டார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் அண்ணா நகர் மேற்கில் இருக்கிறது. மனச்சிதைவு நோயிலும், அந்நோய் உள்ளவர்களின் குடும்பத்தாருக்கு வழிகாட்டுவதிலும் அவர்களுக்கு நீண்ட அனுபவம்.

முதல் நாள் போகும்போது தாயும் தகப்பனும் இரண்டு பேருமே போங்கள். நடந்ததைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்பார், கோபப்படாமல் வெளியே உட்காருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் சபையில் கேளுங்கள். திமிர்வாதக்காரனைத் தூக்கிவர 4 பேர் தேவைப்பட்டது. நாங்கள் வருகிறோம், காரணம் கேட்க மாட்டோம்.

"மாத்திரை போட்டா விசுவாசக் குறைவுதானே சிஸ்டர்?" என்று சிலர் மெதுவாய்க் கேட்கிறார்கள். எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்தபோது, தூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் கொடுத்தான். ஆகையால், மருந்து சாப்பிடுகிற பிள்ளையை வெள்ளிக்கிழமை உபவாசத்தில் உட்கார வைக்காதேயுங்கள். உபவாசத்தை நீங்கள் எடுங்கள், அவனுக்கு இட்லியும் மாத்திரையும் நேரத்துக்குக் கொடுங்கள். கொஞ்சம் சிரித்துப் பேசுகிறான் என்றவுடன் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேட்டுத்தான். அடுத்து வரச்சொன்ன தேதியை ஹாலில் மாட்டியிருக்கிற வசனக் காலண்டரிலேயே வட்டம் போட்டு வையுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து என்னவென்று கேட்டால், டாக்டரிடம் போக வேண்டிய நாள் என்று சொல்லுங்கள்.